பதினெட்டு

வின்னிபெக்கில் ஏப்ரல் என்பது
வசந்தம் என்று காலண்டர் மட்டும் நம்பும் மாதம்.
யூத சமூகக் கூடத்தின் நிலவறையில்
எண்பத்து நாலு அட்டைப்பெட்டிகள்.
பஸ்காவுக்கு இன்னும் மூன்று நாள்.
பெட்டிக்கு இரண்டு கட்டுப் புளிப்பில்லா அப்பம்,
திராட்சைச் சாறு, ஒரு டஜன் முட்டை,
மிச்ச இடமெல்லாம் உருளைக்கிழங்கு.

இளையோர் குழுவுக்கு இந்த வருடம் நான் தலைவி.
முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் இங்கே இளமை.
கையில் பட்டியல்,
குரலில் என் அம்மா.

பட்டியலில் பெயர்கள் கிடையாது.
அது எஃப்ராயிம் லுட்வின் கொண்டுவந்த விதி.
‘வீட்டு எண் போதும்.
மணியடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.
கதவு திறக்கிறவர் முகத்தை
யாரும் பார்க்க வேண்டியதில்லை.’
பிப்ரவரிக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் வாதாடினான்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
எனக்கு அவன்மேல் ஒரு சின்ன இளக்காரம்.
நன்கொடை உறுதி எழுதும் இரவில்
ஹதாஸா ஆயிரத்தெண்ணூறு எழுதினாள்,
பல் மருத்துவன் ஷைமன் இரண்டாயிரம்.
இவன் பதினெட்டு. மாதாமாதம் பதினெட்டு.
எபிரேய எழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டினால்
உயிர் என்ற சொல்லுக்கு வரும் தொகை அது.
‘உயிரையே கொடுக்கிறான்,
ஆனால் சில்லறையாகக் கொடுக்கிறான்’ என்று
மேசையைச் சிரிக்கவைத்தது நான்தான்.
அவனும் சிரித்தான்.

மெக்ரெகர் தெரு. மூன்றாம் மாடி. எண் முப்பத்தொன்று.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
சேற்றுப்பனியில் ஒரு நிமிடம் இறக்கிவைத்த பெட்டி
அடியில் ஊறியிருந்தது எனக்குத் தெரியாது.
கடைசிப் படியில் அது விட்டுக்கொடுத்தது.

உருளைக்கிழங்குகள்
ஒவ்வொரு படியாக
யோசித்து
யோசித்து
இறங்கின.
சில மட்டும் முடிவெடுத்து ஓடின.

மணியடிக்காமலே கதவு திறந்தது.
காலுறை மட்டும் போட்ட கால்கள்.
முழங்கை நைந்த பச்சை ஸ்வெட்டர்.
எல்லாக் கூட்டத்துக்கும் வரும் அதே ஸ்வெட்டர்.
பிடித்தது போலும் என்று நினைத்திருந்தேன்.

விதிப்படி நான் அங்கே நிற்கக்கூடாது.
விதிப்படி அவனுக்கு முகம் இருக்கக்கூடாது.
இருவரும் சட்டென்று குனிந்து
முட்டைகளைப் பார்த்தோம்.
மூன்று உடைந்திருந்தன.
‘ஒன்பது போதும்’ என்றான்.

படிகளில் தவழ்ந்து பொறுக்கினோம்.
இரண்டாம் மாடிப் பெண்ணொருத்தி
தன் கதவருகே நின்ற ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.
மன்னிப்பு தொண்டை வரை வந்து
எதற்கென்று முடிவாகாமல் நின்றது,
பெட்டிக்கா, பார்த்ததற்கா, பதினெட்டுக்கா.

வாங்குகிறவனும் கொடுத்தாக வேண்டும்
என்ற பழைய சட்டத்தை அவன் அப்போது சொல்லியிருந்தால்
அழுதிருப்பேன்,
வீடு போவதற்குள் மறந்திருப்பேன்.
சொல்லவில்லை.
கதவுக்குப் பின்னே கையை நீட்டி
ஜாக்கெட்டை எடுத்தான்.

‘வண்டியில் இன்னும் எத்தனை?’
‘பதினாறு.’
‘இன்க்ஸ்டர் பக்கம் முதலில் போவோம்.
அப்புறம் நிறுத்த இடம் கிடைக்காது.’

கனமானவற்றை அவன் தூக்கினான்.
ஒவ்வொரு வாசலிலும் மணியை அழுத்திவிட்டு
மாங்காய் திருடிய பையன்போல ஓடிவந்து
வண்டிக்குள் விழுந்தான்.
ஏழாவது வீட்டில் நானும் ஓடினேன்.
மூச்சிரைக்கச் சிரித்தோம்.
முப்பத்தொன்றைப் பற்றி அன்றும் பேசவில்லை,
பிறகும்.

மே மாதக் கூட்டம் கொடையாளர் பலகை பற்றியது.
யார் பெயர் எந்த அளவு எழுத்தில்.
எஃப்ராயிம் வழக்கமான கவரை
மேசையின் குறுக்கே நகர்த்தினான்.
ரசீதில் பதினெட்டு என்று
எழுத்தாலும் எண்ணாலும் எழுதினேன்.
என் கையெழுத்து அவ்வளவு திருத்தமாக
வேறு எந்தத் தொகைக்கும் வந்ததில்லை.

அன்றிரவு பனிக்கோட்டை மடித்து வைக்கும்போது
பையில் ஏதோ உருண்டது.
படிக்கட்டில் பொறுக்கிய ஒரு உருளைக்கிழங்கு.
தோல் சுருங்கி, மூன்று கண்ணில் முளை.

எண்பத்து நாலு பெட்டிகளும் முழுமையாகச் சேர்ந்தன என்று
தலைவி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஒன்று குறைகிறது.
ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.
இன்னும் கொடுக்கவில்லை.